மிச்சம் கால் மீட்டர்

ஐந்தாம் வகுப்பு பி பிரிவு என்னிடம் இருந்தது. ஏ பிரிவு அக்காவிடம். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த ஆசிரியை. மேற்குத் தாம்பரத்தில் அரசு உதவி பெற்று நடந்துகொண்டிருந்த அந்தத் தொடக்கப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "டீச்சர் டீச்சர்னு கூப்பிடாதே, அக்கான்னு கூப்பிடு" என்று சொல்லி, தன் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தில் பாதியை என் டப்பா மூடியில் எடுத்து வைத்தவர். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்து நான்கு வயது.

நான் பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறுவேன். அக்கா பல்லாவரத்தில் ஏறுவார். காலை வேளையில் ஊரே பீச் பக்கம் போகும். தாம்பரம் போகிற வண்டி காலியாக வரும். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் ஓர் இடத்தை அக்காவுக்காக என் பையை வைத்துப் பிடித்திருப்பேன். பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, பெட்டியில் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். ஆனாலும் பிடிப்பேன். பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். அதற்குள் எனக்கு வந்து தட்டிப்போன வரன்கள், அப்பாவின் கோபம், தம்பி பரீட்சையில் தோற்றது எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிடுவேன். அவர் கேட்கிற விதம் அப்படி. தலையை லேசாகச் சாய்த்து, நடுவில் ஒரு வார்த்தை பேசாமல், கடைசியில் "சரி விடு, பாத்துக்கலாம்" என்பார். வீட்டில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு நாள் வண்டி குரோம்பேட்டையை விட்டுக் கிளம்பியபோது அவர் என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.

"ஏய், ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது."

"கேளுங்கக்கா."

"பின்னத்தைப் பின்னத்தால வகுக்கும்போது ரெண்டாவதைத் திருப்பிப் போட்டுப் பெருக்கறோமே. ஏன் திருப்பறோம்?"

நான் சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது.

"பதினாலு வருஷமா நடத்தறேன். எனக்குத் தெரியாதுடி. ட்ரெயினிங் ஸ்கூல்ல கேட்டதுக்கு, விதி அப்படின்னுட்டாங்க. நேத்து ஒரு குழந்தை எழுந்து நின்னு கேட்டுடுச்சு. உக்காருன்னு அதட்டிட்டேன். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் மனசே சரியில்ல. யார்கிட்டயும் சொல்லிடாதே."

அன்றைக்கு அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை இரண்டு மடங்கானது. தெரியாது என்று சொல்கிற டீச்சரை அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லைதான். ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டிலிருந்த கோடையில், பாவாடைகளுக்கு நாடா வெட்டிக்கொண்டிருந்தபோது எனக்கே பிடிபட்ட விஷயம் அது. மறுநாள் ஒரு சுருள் வெள்ளை நாடாவும் மைப் பேனாவும் எடுத்துக்கொண்டு ரயிலேறினேன்.

"அக்கா, ஆறை ரெண்டால வகுன்னா என்ன அர்த்தம்? ஆறுல எத்தனை ரெண்டு இருக்குன்னுதானே? அப்ப மூணு மீட்டர் நாடாவை அரையால வகுன்னா, அதுல எத்தனை அரை மீட்டர் இருக்கு?"

"ஆறு."

"அவ்வளவுதான். வகுத்தா குறையணும்னு நெனைக்கிறோம், இங்க கூடுது. ஏன்னா அளக்கற துண்டு சின்னது."

அக்கா நாடாவை மடியில் போட்டு மடித்து மடித்துப் பார்த்தார். அரை புரிந்தது, கால் புரிந்தது. முக்காலுக்கு வந்தபோது திகைத்துவிட்டார். அதற்கு மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு மீட்டரிலும் நாலு கால் இருக்கிறது, அதனால் எத்தனை கால் என்று எண்ண நாலால் பெருக்குகிறோம். பிறகு அந்தக் கால்களை மூன்று மூன்றாகச் சேர்த்தால் முக்கால், அதனால் மூன்றால் வகுக்கிறோம். நாலால் பெருக்கி மூன்றால் வகுக்கிறோம். வேறொன்றும் இல்லை. மூன்றாம் நாள் வண்டி சானடோரியத்தில் நின்றுகொண்டிருந்தபோது அவர் திடீரென்று என் தொடையில் அடித்தார்.

"அடிப்பாவி! அதான் நாலு மேல போகுது, மூணு கீழ வருது! திருப்பவே இல்லடி நாம. எண்றோம், சேக்கறோம், அவ்ளோதான்!"

எதிர் சீட்டில் கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னா டீச்சரம்மா, நாடா யாவாரமா? எங்களுக்கும் ரெண்டு முழம் குடுக்கறது?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் தாம்பரம் வந்து சேரும்வரை சிரித்தோம். என் ஆசிரியர் வாழ்க்கையில் யாருக்காவது எதையாவது முழுமையாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்ல முடியுமானால் அது அந்தப் பெட்டியில், அவருக்கு.

என் வகுப்பிலும் அதே நாடாவைத்தான் வைத்துக்கொண்டேன். நாற்பத்து மூன்று பிள்ளைகள். நாலு பேருக்கு ஒரு நாடா, ஒரு பேனா. விதியைக் கடைசியில்தான் சொல்வேன், முதலில் வெட்டி எண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அந்த இடைவெளியில் பிள்ளைகள் குனிந்து நாடாவை அளந்துகொண்டிருப்பார்கள், சத்தம் போனது தெரியாமல். ஆனால் நேரம் பிடித்தது. பாடத்திட்டப்படி பின்ன வகுத்தலுக்கு ஒரு வாரம். எனக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது. வாராவாரம் பெரிய டீச்சரிடம் கையெழுத்துக்கு வைக்க வேண்டிய பாடக்குறிப்பு நோட்டில், அந்த அலகு ஒரு வாரத்தில் முடிந்துவிட்டதாகவும் அடுத்து தசமம் நடப்பதாகவும் எழுதிவைத்தேன். தலைமை ஆசிரியையைத்தான் எங்கள் பள்ளியில் எல்லோரும் பெரிய டீச்சர் என்போம்.

இதையும் ரயிலில் அக்காவிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"மாட்டிக்கப் போறே" என்றார்.

"உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"சரி விடு, பாத்துக்கலாம்."

மூன்றாவது வாரக் கடைசியில்தான் அந்தக் கணக்கைப் போட்டேன். அவசரமாக, முன்கூட்டிச் செய்து பார்க்காமல், கணக்குகள் எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எடுத்துப் போனது. இரண்டரை மீட்டர் துணி இருக்கிறது. ஒரு ஜாக்கெட்டுக்கு முக்கால் மீட்டர். எத்தனை ஜாக்கெட் தைக்கலாம்?

பிள்ளைகள் வெட்டினார்கள். மூன்று முக்கால் மீட்டர்த் துண்டுகள் வந்தன. கால் மீட்டர் மிச்சம். "மூணே கால்! மூணே கால்!" என்று வகுப்பே கத்தியது. நான் கரும்பலகையில் விதிப்படி போட்டேன். மூன்றே மூன்றில் ஒன்று, அதாவது மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் என்று வந்தது.

சாக்பீஸோடு அப்படியே நின்றேன். நாடா ஒன்று சொல்கிறது, விதி வேறொன்று சொல்கிறது. மூன்று வாரமாக நாடாவை நம்பச் சொன்னவள் நான்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இரும்புலியூரிலிருந்து வருகிறவள். அவள் அம்மா வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட்டும் சின்னப் பாவாடையும் தைத்துக் கொடுப்பவர். அந்தப் பெண்ணுக்குப் பெரிய மனுஷி மாதிரிக் கட்டைக் குரல். ஜடை நுனியை மென்றுகொண்டேதான் பேசுவாள்.

"டீச்சர், அது மூணே கால் ஜாக்கெட்டு இல்ல டீச்சர்."

"ஏம்மா?"

"மிச்சம் கீறது கால் மீட்டரு. கால் ஜாக்கெட்டு இல்ல. ஒரு ஜாக்கெட்டுக்கு மூணு கால் வோணும். இங்க ஒரு கால்தான் கீது. அப்போ மூணுல ஒரு பங்கு ஜாக்கெட்டுதான?" ஜடையை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள், "எங்கம்மாவா இருந்தா அத்த வச்சிகினு ரெண்டு கையி வெட்டிருவாங்க."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. மீட்டரில் அளந்தால் கால். ஜாக்கெட்டில் அளந்தால் மூன்றில் ஒன்று. துண்டு ஒன்றுதான்; எதைக்கொண்டு அளக்கிறோம் என்பதுதான் வேறு. இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. பத்து வயதுப் பெண், தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டுப் படம் போடவைத்து, இன்னொரு முறை எல்லோருக்கும் சொல்லவைத்தேன். மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் காலை இதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று பரங்கிமலையிலேயே மனப்பாடம் செய்துகொண்டு ஏறினேன். பல்லாவரத்தில் அவர் ஏறவில்லை. உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கு நடந்து போய்ச் சேர்ந்தபோது ஆயா வாசலில் நின்றிருந்தார். "பெரிய டீச்சர் ஒன்ன உடனே வரச் சொன்னாங்கம்மா."

அறைக்குள் பெரிய டீச்சர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அக்கா. முந்தின வண்டியில் வந்திருக்கிறார். என்னைப் பார்க்கவில்லை. என் பாடக்குறிப்பு நோட்டு மேஜை மேல் விரித்திருந்தது.

"இதுல பின்னம் முடிஞ்சு தசமம் நடக்குதுன்னு எழுதியிருக்கே. மூணு வாரமா நீ பின்னத்தையே நடத்திக்கிட்டிருக்கியாமே? நாடா வெட்டி விளையாடிக்கிட்டு?"

அக்காவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக விளையாட்டு மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் யாருமே இல்லை.

"என்கிட்ட கையெழுத்து வாங்கறதுக்குப் பொய் எழுதுவியா நீ? நாளைக்கு இன்ஸ்பெக்ஷனுக்கு ஏ.இ.ஓ. வந்து பார்த்தா பதில் சொல்ல வேண்டியது யாரு?"

"மேடம், குழந்தைங்களுக்குப் புரியட்டும்னுதான்..."

"புரியறதா? பி செக்ஷன் பிள்ளைங்களுக்குத் திருப்பிப் போடவே தெரியலையாமே." பெரிய டீச்சர் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, சீனியரு நீங்க."

அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கென்ன மேடம். அது சின்னப் பொண்ணு, ஆர்வத்துல பண்ணுது. நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் வேணாம், விதியைச் சொல்லிக்குடுத்துட்டுப் போயிடுன்னு. கேக்கல. பிள்ளைங்க பாவம், அதான் உங்க காதுல போட்டேன்."

அப்பவே சொன்னேன் என்றார். அந்த வார்த்தைதான் என்னை அடித்தது. நோட்டு விஷயத்தைச் சொன்னதைக்கூட ஒருவேளை தாங்கியிருப்பேன். நான் எழுதியது பொய்தானே. ஆனால் என் தொடையில் அடித்துச் சிரித்த கை அது. நாடாவை வாங்கித் தன் மடியில் மடித்துப் பார்த்த கை. நானும் வாயைத் திறந்து, "உங்களுக்கே ஏன் திருப்பறோம்னு தெரியாம இருந்துச்சேக்கா" என்று அந்த அறையில் சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. யார்கிட்டயும் சொல்லிடாதே என்று அவர் கேட்டிருந்தார். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அந்த வாரமே வகுப்புகள் மாறின. எனக்கு ஒன்றாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு இரண்டு பிரிவுகளுக்கும் கணக்கு அக்கா. நாடாச் சுருள், சார்ட்டுகள், கணக்குகள் எழுதிய நோட்டு எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார் பெரிய டீச்சர். ஒப்படைத்தேன். அக்கா வாங்கி, எண்ணிப் பார்த்து, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் பல்லாவரத்தில் அதே பெட்டியில் ஏறி, எதுவும் நடக்காததுபோல் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேல இருக்கறவங்க கேட்டா சொல்லித்தானே ஆகணும். மனசுல வச்சுக்காதேடி. உன் நல்லதுக்குத்தான்."

மதியம் அவர் டப்பாவிலிருந்து புளியோதரை எடுத்து என் மூடியில் வைத்தார். நான் சாப்பிட்டேன். அவர் செய்ததைக் காட்டிலும், அன்று அதைச் சாப்பிட்டதுதான் பல வருஷம் என்னை உறுத்தியது. ஒரு வாரம் கழித்து முந்தின வண்டிக்கு மாறிக்கொண்டேன்.

ஒன்றாம் வகுப்பு கீழே, ஐந்தாம் வகுப்பு மாடியில். மேலேயிருந்து இரண்டு பிரிவுப் பிள்ளைகள் எண்பது பேரும் சேர்ந்து ஒரே குரலில் பாடுவது கேட்கும்: "வகுத்தல் வந்தால் திருப்பிப் போடு, திருப்பிப் போட்டுப் பெருக்கிப் போடு!" அக்காவே கட்டிய பாட்டு. நான் கீழே அ, ஆ எழுதவைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் இடைவேளையில் அந்தக் கட்டைக் குரல் பெண் என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். உள்ளங்கை சிவந்திருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"கணக்குக்குப் பக்கத்துல நாடாப் படம் போட்டேன் டீச்சர். அட்ச்சிட்டாங்க. அதெல்லாம் தப்பு, இனிமே போடக்கூடாதுன்றாங்க." உள்ளங்கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டாள். "டீச்சர், நீங்க சொல்லிக் குடுத்தது தப்பா?"

வராண்டாவில் பெரிய டீச்சர் வந்துகொண்டிருந்தார். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. அப்பா மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த சமயம். இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறேன்? நான் சொன்ன பதில் இதுதான்:

"மேல டீச்சர் எப்படிச் சொல்றாங்களோ அப்படியே செய்ம்மா."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவை என் முகத்தில் உணர்ந்திருந்தேன், பெரிய டீச்சர் அறையில். திரும்பி மாடிப்படி ஏறிப் போய்விட்டாள். அந்த வருஷம் முடிந்ததும் அவள் அம்மா டி.சி. வாங்க வந்தார். கேளம்பாக்கம் பக்கம் அவருடைய தம்பி வீட்டோடு போகிறார்களாம். என்னை வழியில் பார்த்து நின்றார்.

"ஒங்க பேரத்தான் சொல்லிக்கினு இருந்துச்சு டீச்சர், ஒரு காலத்துல. இப்ப கணக்குன்னாலே பேஜாராப் போச்சுன்னுது. இன்னா ஆச்சோ தெர்ல."

எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு பெரிய டீச்சர் ஓய்வு பெற்றார். அக்கா தலைமை ஆசிரியை ஆனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஓய்வு வரப்போவது அந்த அறையில் இருந்த இருவருக்குமே தெரிந்திருக்கும். ஆனால் அது ஒன்றுதான் காரணமா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. தனக்குத் தெரியாமல் இருந்தது என்பதைத் தெரிந்த ஒருத்தி பக்கத்து வகுப்பிலேயே இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லையோ என்னவோ. வெட்கத்தை நம்மிடம் பகிர்ந்துகொள்கிறவர்கள் நம்மை நேசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சில பேர் அதற்காகவே நம்மை வெறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

அதற்கும் அடுத்த கோடை விடுமுறையில், சுற்று வட்டாரத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் ஐந்து நாள் பயிற்சி வைத்தார்கள். நாற்பது பேர் இருந்தோம். மூன்றாம் நாள் காலை, கணிதத்தில் புதிய முறை, மாதிரி வகுப்பு என்று அறிவித்தார்கள். மேடை ஏறியவர் அக்கா. கையில் வெள்ளை நாடா.

"நான் பல வருஷமா யோசிச்சு உருவாக்கின முறை இது" என்று தொடங்கினார்.

நான் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆறில் எத்தனை இரண்டு என்று கேட்டார். மூன்று மீட்டரில் எத்தனை அரை என்று கேட்டார். அளக்கிற துண்டு சின்னது, அதனால் எண்ணிக்கை கூடுகிறது என்றார். ரயிலில் நான் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில். பக்கத்தில் இருந்த டீச்சர் என் காதில், "எவ்ளோ அழகா சொல்றாங்க, இல்ல?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

பிறகு அந்தக் கணக்கை எழுதினார். இரண்டரை மீட்டர் துணி, ஒரு ஜாக்கெட்டுக்கு முக்கால் மீட்டர். என் நோட்டின் கடைசிப் பக்கம். விடை எழுதாமல் விட்டிருந்த பக்கம். அவர் மூன்று துண்டு வெட்டினார். மிச்சத்தைத் தூக்கிக் காட்டி, "மூன்றே கால்" என்று பலகையில் எழுதினார்.

பின்வரிசையிலிருந்து ஒரு சார் எழுந்தார். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. விதிப்படி போட்டா மூணே மூணுல ஒண்ணு வருது. ரெண்டுல எது சரி?"

அக்கா பலகையைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். கால் மீட்டரைத் திரும்ப அளந்தார். நாற்பது பேர் காத்திருந்தோம். அப்போது அவர் தலை நிமிர்ந்து, வரிசை வரிசையாகத் தேடி, என்னைக் கண்டுபிடித்தார்.

ரயிலில் "சிரிக்கக் கூடாது" என்று கேட்டபோது இருந்த அதே முகம்.

எனக்கு விடை தெரியும். ஒரே வாக்கியம்: மிச்சம் கால் மீட்டர்தான், ஆனால் ஜாக்கெட்டில் அது மூன்றில் ஒரு பங்கு. எழுந்து சொல்லியிருக்கலாம். அவருக்காக இல்லாவிட்டாலும் அந்த நாற்பது பேருக்காக, கேள்வி கேட்டால் அவர்கள் அதட்டி உட்காரவைக்கப் போகிற பிள்ளைகளுக்காக. நான் தலையைக் குனிந்து, என் நோட்டில் ஒரு கோடு போட்டேன். அதன் மேலேயே இன்னொரு கோடு. உள்ளுக்குள் இனித்தது. பொய் சொல்லவில்லை, நன்றாகவே இனித்தது.

சற்று நேரம் கழித்து அக்காவின் குரல் கேட்டது. திடமாகிவிட்டிருந்தது.

"இதனாலதான் சொல்றேன். நாடா, துணி இதெல்லாம் ஒரு ஆர்வத்தை உண்டாக்கத்தான். கையால வெட்டும்போது கொஞ்சம் முன்னபின்ன வரும். கடைசியில விதியைத்தான் நம்பணும். திருப்பிப் போடு, பெருக்கு. அதுதான் சரியான விடை."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த சார் திருப்தியாகி உட்கார்ந்துவிட்டார். நாற்பது பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கைதட்டினார்கள்.

நாடா பொய் சொல்லவே இல்லை. ஒரு குழந்தை நின்ற இடத்தில் கண்டுபிடித்த உண்மையை, கை தவறி வெட்டியதால் வந்த பிசகு என்று சொல்லி நாற்பது பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிவைத்தார்கள், நான் பார்த்துக்கொண்டிருக்க. என் பழியை நான் தீர்த்துக்கொண்டது அக்காவிடம் என்று நினைத்தேன். சாப்பாட்டு வேளைக்குள் அந்த இனிப்பு போய்விட்டது. கை கழுவுகிற குழாயடியில் நின்றபோது, அந்தப் பெண்ணின் குரல்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. அவளை இரண்டாவது முறையும் கைவிட்டிருந்தேன்.

அந்தப் பயிற்சிக்குப் பிறகு விண்ணப்பம் போட்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகி, ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியேறினோம். ஐந்தாம் வகுப்பு மறுபடி கிடைத்தது. அந்த ஜாக்கெட் கணக்கை ஒவ்வொரு வருஷமும் போட்டேன். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் மூன்றே கால் என்று கத்துவார்கள், யாராவது ஒருவர் எழுந்து நிற்கும்வரை நான் பேசாமல் காத்திருப்பேன். சில வருஷம் யாரும் எழவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், பழைய பள்ளியில் கூட வேலை பார்த்த ஒருவரின் மகளுக்குத் திருநீர்மலையில் கல்யாணம். போயிருந்தேன். தாலி கட்டி முடிந்து, கீழே மண்டபத்தில் சாப்பாட்டுக்குக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. கோயில் குளத்தோரம் ஒரு கல்லில் அக்கா உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. முழங்காலில் வலி போல, கையால் நீவிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் ஓர் இளம்பெண்.

தவிர்த்துவிட்டுப் போக நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"ஏய்! நீயாடி! வா வா வா!" என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். கண்ணெல்லாம் ஈரமாகிவிட்டது அவருக்கு. நடிப்பில்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "இது என் மருமக. இவளும் டீச்சர்தான்." பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "இவ சின்னப் பொண்ணா வந்து சேந்தா எங்க ஸ்கூல்ல. ஒண்ணுமே தெரியாது. பின்ன வகுத்தல் எப்படி நடத்தறதுன்னு ட்ரெயின்ல உக்காரவச்சு நான்தான் நாடாவை வச்சுச் சொல்லிக்குடுத்தேன். என்னடி, ஞாபகம் இருக்கா?"

மருமகள் மரியாதையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் அக்காவின் முகத்தைத் தேடினேன். ஒரு கள்ளத்தனம், ஓர் அசட்டுச் சிரிப்பு, ஏதாவது ஒன்று இருக்கும் என்று. இல்லை. அவர் அப்படியேதான் நம்பிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் நான் சுமந்து திரிந்த அந்தக் காலைகள் அவரிடமும் பத்திரமாக இருந்தன. இடம் மட்டும் மாறி உட்கார்ந்திருந்தோம். பெரிய டீச்சர் அறையும் குரோம்பேட்டையும் அவருக்குள் எங்குமே இல்லை. அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். கேட்க அவரிடம் எதுவுமே இல்லை.

"இல்லக்கா" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நான்தான் உங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன். நாடா என்னுது. அதுக்கப்புறம் பெரிய டீச்சர்கிட்ட என்னைப் பத்திச் சொன்னதும் நீங்கதான்."

மருமகள் சட்டென்று குளத்தைப் பார்த்தாள். அக்கா நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

"நானா? எப்ப?" என்றார். "என்னடி சொல்றே? உன்னப் பத்தி நான் ஏன் சொல்லப் போறேன்? நீ என் தங்கச்சி மாதிரி." பிறகு என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, "அப்படி ஏதாவது ஆகியிருந்தா மனசுல வச்சுக்காதே. எனக்கு வர வர எல்லாம் மறந்து போகுது" என்றார்.

மண்டபத்தில் அடுத்த பந்திக்குக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி ஒத்துழைக்கவில்லை. மருமகள் அதற்குள் இலை பிடிக்க முன்னால் போயிருந்தாள். அக்கா என் பக்கம் கையை நீட்டினார். யோசிக்காமல் நீட்டினார், நான் பிடிப்பேன் என்பதில் கொஞ்சமும் சந்தேகமில்லாமல்.

பிடித்தேன். தன் பாரம் முழுவதையும் என் தோளில் போட்டு எழுந்தார். பந்திவரைக்கும் அப்படியே நடந்தோம். வழியெல்லாம் அவர் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.